எட்டு வீட்டு வாடகை, அஞ்சு வீட்டு தண்ணி பில்

கேள்வி: பத்து வருஷம் சேத்து வச்ச பணத்துல முதல் தடவையா வாடகைக்கு விடறதுக்குன்னு ஒரு கட்டடம் வாங்கப் போறேன். கீழ்த்தளத்தோட சேத்து நாலு தளம், தளத்துக்கு ரெண்டு வீடு, மொத்தம் எட்டு. கட்டி முப்பது வருஷம் ஆச்சு. அஞ்சு வீட்ல ஆள் இருக்காங்க, மூணு வீடு ஒரு வருஷமா பூட்டிக் கிடக்கு. தண்ணிக்கு மொத்த கட்டடத்துக்கும் ஒரே மீட்டர், அது போக ஒரு போர் இருக்கு. கரண்டுக்கு வீட்டுக்கு ஒரு மீட்டர், பொதுவுக்கு ஒண்ணு. விக்கிறவர் வருமானம் செலவு எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தார், பாக்க நல்லாத்தான் இருக்கு. தண்ணியப் பத்திக் கேட்டா இருபத்தி நாலு மணி நேரமும் வரும்ங்கறார். என் மச்சான் "பத்திரம் கிளியரா இருக்கான்னு பாரு, தண்ணி கரண்ட் எல்லாம் சில்லறை விஷயம், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறார். நான் வேற என்ன பாக்கணும்? பேர் போடாம பதில் சொல்லுங்க.

பதில்: உங்க மச்சான் பத்திரத்தப் பாக்கச் சொன்னது சரிதான், அதுல நான் கை வைக்கல, அது வக்கீல் வேலை. ஆனா தண்ணி சில்லறை விஷயம்னு சொன்னார் பாருங்க, அங்கதான் இடிக்குது. கட்டடம் வாங்குறவங்களுக்கு தண்ணி, டிரைனேஜ், கரண்ட் லைன் எல்லாம் சோதிச்சு சொல்றதுதான் என் பொழப்பு, இத்தனை வருஷத்துல பத்திரத்துல ஏமாந்து என்கிட்ட வந்தவங்கள விட பைப்புல ஏமாந்து வந்தவங்கதான் ஜாஸ்தி. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, வாடகைக் கட்டடத்துல அந்த சுமைகூலிதான் இந்த தண்ணியும் கரண்டும்.

நீங்க அனுப்பின அந்த பேப்பரப் பாத்தேன். முதல் பாதிய மறுபடி ஒரு தடவை நிதானமா பாருங்க. வருமானம்னு போட்ட இடத்துல எட்டு வீட்டு வாடகையக் கூட்டிப் போட்டிருக்கார், "எல்லாம் நிரம்பினா இவ்வளவு வரும்"னு. கீழ செலவுல தண்ணி பில், பொது கரண்ட் பில்னு போட்டது போன வருஷம் நிஜமா கட்டின தொகை, அதாவது அஞ்சு வீடு குடியிருந்தப்போ வந்தது. வருமானம் எட்டு வீட்டுக்கு, செலவு அஞ்சு வீட்டுக்கு. அவர் பொய் சொன்னார்னு நான் சொல்லல, ரெண்டும் உண்மையான நம்பராவே இருக்கலாம், ஆனா ஒண்ணுக்கு பக்கத்துல இன்னொண்ணு நிக்கக் கூடாத நம்பர். எட்டும் நிரம்பினா தண்ணி செலவு 1.6 மடங்கு ஆகும், அதுவும் குறைஞ்சபட்சம், ஏன்னா நிறைய ஊர்ல தண்ணிக் கட்டணம் படிப்படியா ஏறும், முதல் இவ்வளவு யூனிட்டுக்கு ஒரு ரேட், அதுக்கு மேல போனா அதிக ரேட்னு, அப்போ கடைசி மூணு வீட்டு தண்ணி முழுக்க ஒசந்த ரேட்லதான் விழும்.

அதனால பில்லக் கேளுங்க, சும்மா தொகைய மட்டும் இல்ல, பில்லையே கேளுங்க, ரெண்டு வருஷத்துக்கு. கையில வாங்கினதும் பணத்தப் பாக்காதீங்க, யூனிட்டப் பாருங்க. பெரும்பாலும் ஒரு யூனிட்டுங்கறது ஆயிரம் லிட்டர், சில நாட்டுல நூறு கன அடின்னு போடுவாங்க, அது சுமார் 2,830 லிட்டர், எதுன்னு பில்லுலயே இருக்கும். இப்போ ஒரு மனக்கணக்கு போடுவோம். வீட்டுக்கு நாலு பேர்னு வச்சா அஞ்சு வீட்ல இருபது பேர், ஆளுக்கு நாளைக்கு 120 லிட்டர்னு வச்சா 2,400 லிட்டர், ரெண்டு மாசத்துக்கு 144 ஆயிரம் லிட்டர். பில்லுல இதுக்குக் கிட்டத்தட்ட வந்தா சரி. 250ன்னு இருந்தா எங்கயோ ஒழுகுது. 60ன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, அதுதான் இன்னும் மோசம், மிச்சத் தண்ணி போர்லேர்ந்து வருதுன்னு அர்த்தம், அப்போ உங்க பில் குறைவா இருக்கறதுக்குக் காரணம் அந்த போர் ஒண்ணுதான், அது வத்தின அன்னைக்கு பில் ரெண்டரை மடங்கு ஆகும்.

பில்லுக்கு அடுத்தது மீட்டர். இத நீங்களே பண்ணலாம், ஆள் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு காலை நேரம் போதும். முதல்ல மேல் தொட்டி நிரம்பற வரைக்கும் விடுங்க, மிதவை வால்வு தானா மூடிக்கும், கீழ சம்ப் (தரைக்கு அடியில இருக்கற தொட்டி) இருந்தா அதுவும் அப்படித்தான். தொட்டிலேர்ந்து கீழ வீடுகளுக்கு இறங்கற வால்வ எல்லாம் மூடிட்டு (குடியிருக்கறவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, தலையில சோப்போட ஒருத்தர் மாடிப்படில வந்து நின்னா அது நல்லா இருக்காது) மீட்டர் முன்னாடி போய் குத்த வச்சு உக்காருங்க. மீட்டர் கண்ணாடிக்குள்ள பெரிய நம்பர் தவிர ஒரு சின்ன முக்கோணமோ நட்சத்திர சக்கரமோ இருக்கும், சிவப்பாவோ கறுப்பாவோ, அதுதான் ரொம்ப மெல்லிய ஓட்டத்தையும் காட்டிக் குடுக்கறது. எல்லாம் மூடியிருக்கறப்போ அது அசையவே கூடாது. ஒரு போட்டோ எடுத்துக்குங்க, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. நகர்ந்திருந்தா மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவுல மண்ணுக்கு அடியில லீக், இல்ல சம்ப்ல விரிசல் விட்டிருக்கு, இல்ல மிதவை வால்வு சரியா மூடல. மீட்டர் தாண்டி தண்ணிய அடைக்கற வால்வு, ஸ்டாப் காக்னு ஒண்ணு இருக்குமில்ல, அத மூடிப் பாருங்க, அப்பவும் சுத்துச்சுன்னா கோளாறு மீட்டரை ஒட்டியே இருக்கு, நின்னுடுச்சுன்னா அதுக்கு அப்புறம்.

அடுத்து தொட்டிக்குள்ள. தண்ணி மட்டத்துல ஒரு சாக்பீஸ் கோடு போடுங்க, உள்ள வர்றதையும் வெளிய போறதையும் மூடி வச்சு ரெண்டு மணி நேரம் பொறுங்க. தொட்டி ரெண்டு மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர்னா மூணு சதுர மீட்டர், அதுல மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 30 லிட்டர் போச்சு. பாக்க ஒரு விரல் அகலம்கூட இல்ல, ஆனா மணிக்கு ஒரு சென்டிமீட்டர்னா நாளைக்கு 720 லிட்டர், அது கிட்டத்தட்ட ஆறு பேரோட ஒரு நாள் தண்ணி. அதுல தப்பு இல்லன்னா வெளிய போற வால்வ மட்டும் தொறந்து வச்சுட்டு ராத்திரி எல்லாரும் தூங்கின நேரத்துக்கு அப்புறம் அதே மாதிரி பாருங்க, அப்போ இறங்கறது வீடுகளுக்குள்ள ஒழுகறது.

வீட்டுக்குள்ள ஒழுகற தண்ணில நிறைய டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்லதான். சத்தமே இல்லாம ஓடும், குழாய் சொட்டறது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. டேங்க் மூடியத் தொறந்து சாப்பாட்டுக் கலர் நாலு சொட்டு விட்டுட்டு யாரும் ஃப்ளஷ் பண்ணாம கால் மணி நேரம் விடுங்க, கோப்பைல கலர் இறங்கி வந்தா உள்ள இருக்கற ரப்பர் வால்வு போச்சு. முக்கியமா அந்த பூட்டிக் கிடக்கற மூணு வீட்ல பண்ணுங்க, ஒரு வருஷம் காய்ஞ்ச ரப்பர் விறைச்சுப் போய் உக்காந்திருக்கும், தண்ணி தொறந்து விட்ட அன்னைலேர்ந்து ஓடும். மாத்தறது சின்ன வேலைதான், தெரியாம விட்டா பெரிய பில்.

இந்த மீட்டர் விஷயத்த ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா நானே இதுல சூடு பட்டவன். இந்தத் தொழிலுக்கு வந்து நாலஞ்சு வருஷம் ஆனப்போ மூணு வீடு இருக்கற ஒரு சின்ன இடம் வாங்கினேன், ஊருக்கெல்லாம் சோதிச்சு சொல்றவன் என் இடத்த சோதிக்கல, தெரிஞ்சவர்தானே விக்கிறார்னு ஒரு மெத்தனம். தண்ணி பில் கொஞ்சம் கூடுதலாத்தான் வந்துட்டு இருந்துச்சு, குடியிருக்கறவங்க தாராளமா செலவு பண்றாங்கன்னு அவங்க மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வீடு காலியாகி மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் எதேச்சையா மீட்டரப் பாத்தேன், ஜம்முனு சுத்துது. தோண்டிப் பாத்தா ஒரு பைப் காம்பவுண்டு சுவருக்கு அடியில போய் பக்கத்து வீட்டுத் தோட்டத்துல முடியுது. ஒரு காலத்துல ரெண்டு மனையும் அண்ணன் தம்பியோடது, அப்போ போட்ட லைன், யாரும் வெட்டி விடல, பக்கத்து வீட்டுக்காரருக்கே அது என் மீட்டர்ல ஓடுதுன்னு தெரியாது. அந்த ரெண்டு வருஷம் அவர் செடிக்கெல்லாம் நான்தான் தண்ணி ஊத்தியிருக்கேன். குடியிருந்தவங்க மேல பட்ட கோவத்த நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

சரி, போர். விக்கிறவர் இருபத்தி நாலு மணி நேரம்ங்கறது எந்த மாசத்துல சொல்றார்னு பாருங்க. மழை பெஞ்சு முடிஞ்ச கையோட எல்லா போரும் நல்ல போர்தான். வறண்ட காலத்தோட கடைசில சோதிக்க முடிஞ்சா அதுக்கு ஈடே இல்ல, முடியலன்னா அக்கம்பக்கத்துல நாலு பேர்கிட்ட "வெயில் காலத்துல எப்படி"ன்னு கேளுங்க, அதுல ஒருத்தர் தண்ணி லாரி வாங்கின கதை சொன்னா காத நல்லா தீட்டிக்கிட்டு கேளுங்க. சோதனைய இப்படிப் பண்ணணும்: பத்து லிட்டர் வாளி, கையில ஃபோன் டைமர். மோட்டார் போட்ட உடனே வாளி நிரம்ப எவ்வளவு நேரம்னு குறிங்க, அப்புறம் நாலஞ்சு மணி நேரம் விடாம ஓட்டி மறுபடி குறிங்க. முதல்ல முப்பது செகண்டுல நிரம்பினது (நிமிஷத்துக்கு இருபது லிட்டர்) கடைசில ஒரு நிமிஷம் எடுத்துக்கிச்சுன்னா நிஜ ஊற்று பத்து லிட்டர்தான், முதல்ல வந்தது குழிக்குள்ள தேங்கி நின்னது. எட்டு வீடும் நிரம்பினா முப்பத்திரெண்டு பேர், தோராயமா நாளைக்கு நாலாயிரம் லிட்டர், நிமிஷத்துக்கு பத்துன்னா நானூறு நிமிஷம், கிட்டத்தட்ட ஆறே முக்கால் மணி நேரம் மோட்டார் தினமும் ஓடணும். போர் தாங்கும், ஆனா நகராட்சித் தண்ணி நின்னுபோச்சுன்னா மூச்சு வாங்கும். மோட்டார நிறுத்தினதும் மட்டம் பழைய இடத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதும் முக்கியம், அதுக்கு மட்டும் போர்க்காரர் யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

போர்த் தண்ணிய லேபுக்கு அனுப்பணும், அதுவும் நீங்களே பிடிச்ச தண்ணிய, லேப் குடுக்கற கிருமி நீக்கின பாட்டில்ல. விக்கிறவர் நீட்டற பழைய ரிப்போர்ட் எந்தக் கிணத்துத் தண்ணின்னு பாட்டிலுக்குத்தான் தெரியும். ரிப்போர்ட்ல எல்லாரும் டிடிஎஸ்ஸத்தான் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்புகளோட மொத்த அளவு) பாப்பாங்க, அது ருசி விஷயம், உலக சுகாதார நிறுவனம் சொல்றது லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா நல்லா இருக்கும், 1,000 தாண்டினா போகப் போக குடிக்கப் பிடிக்காதுன்னு. நான் முதல்ல பாக்கறது நைட்ரேட்டும், கோலிஃபார்ம்ங்கற பாக்டீரியாவும். நைட்ரேட் 50 மில்லிகிராமத் தாண்டி, கூடவே கோலிஃபார்மும் இருந்துச்சுன்னா பக்கத்துல எங்கயோ கழிவுத் தண்ணி போர்ல கலக்குதுன்னு எனக்கு சந்தேகம் வரும், ஃபில்டர் வச்சு சமாளிக்கற கதை இல்ல அது. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01, இதுக்கு மேல போகக் கூடாது, இத ரெண்டையும் வாசனையோ ருசியோ காட்டிக் குடுக்காது, லேப் மட்டும்தான் சொல்லும். கடினத்தன்மை அதிகம்னா உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஆனா ஹீட்டர், ஷவர், குழாய் எல்லாம் உப்புப் படிஞ்சு சீக்கிரம் போகும், அந்த ரிப்பேர் எல்லாம் உங்க தலையிலதான் விடியும்.

இனி பொது கரண்ட் மீட்டர், இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தண்ணிய மேல ஏத்த கரண்ட் நிறைய ஆகும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. போட்டுப் பாருங்க: போர்ல தண்ணி அறுபது மீட்டர் ஆழத்துல இருக்கு, தொட்டி தரைலேர்ந்து பதினஞ்சு மீட்டர், ஆக மொத்தம் எழுபத்தஞ்சு மீட்டர் நாலாயிரம் லிட்டர தூக்கணும். கணக்குப்படி அதுக்கு 0.8 யூனிட்டுதான் வேணும், சின்ன மோட்டார் பாதிக்கு மேல வீணாக்கும், அதனால ரெண்டு ரெண்டரை யூனிட்னு வைங்க. மாடிப்படி விளக்கு எட்டு, ஒவ்வொண்ணும் பத்து வாட், பன்னெண்டு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்கூட இல்ல. ஆக எட்டு வீடும் நிரம்பினாக்கூட நாளைக்கு மூணரை யூனிட்டுக்குள்ளதான் வரணும், லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு. உங்க பில்லுல அஞ்சு வீட்டுக்கே நாளைக்கு பன்னெண்டு வருதுன்னா யாரோ பொது லைன்லேர்ந்து கொக்கி போட்டிருக்காங்க, இல்ல மோட்டார் நின்னதும் தண்ணி திரும்ப போருக்குள்ளயே இறங்குது (ஒருவழி வால்வு தேய்ஞ்சு போச்சு), இல்ல பைப் நடுவுல உடைஞ்சு ஏத்தினதையே திரும்பத் திரும்ப ஏத்துது. கொக்கியக் கண்டுபிடிக்க சுலபமான வழி, பொது மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எந்த வீட்ல "கரண்ட் போச்சு"ன்னு சத்தம் வருதுன்னு பாருங்க. எதிர்மாறாவும் நடக்கும், மாடிப்படி விளக்கு எல்லாம் ஒரு குடித்தனக்காரரோட மீட்டர்ல ஓடிட்டு இருக்கும், அவர் ஒரு நாள் கண்டுபிடிச்சு பழைய கணக்கெல்லாம் உங்ககிட்ட கேப்பார்.

பூட்டிக் கிடக்கற வீடுகளுக்குள்ள போனதும் மூக்க நம்புங்க. சாக்கடை நாத்தம் அடிச்சா உடனே பயப்பட வேண்டாம், தரைல இருக்கற வடிகால் வளைவுல நிக்கற தண்ணி காய்ஞ்சு போயிருக்கும், ஒரு வாளி ஊத்தினா அடங்கிடும். ஊத்தியும் அடங்கலன்னாதான் யோசிக்கணும். குழாயத் தொறந்தா முதல்ல செம்மண் கலர்ல வரும், ரெண்டு மூணு நிமிஷத்துல தெளிஞ்சா பரவால்ல, தெளியவே இல்லன்னா உள்ள ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) துருப்பிடிச்சு அடைஞ்சு போயிருக்கு. ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க, ஜிஐல ஒட்டும். ஒட்டாம, சாம்பல் கலர்ல மெத்துனு இருந்து, சாவியால கீறினா வெள்ளி மாதிரி பளிச்சுனு தெரிஞ்சா அது ஈயம், அப்படி இருந்தா மாத்தற செலவ அப்படியே விலைல கழிக்கணும், பேச்சே இல்ல. பல நாட்டுல பழைய கட்டடங்கள்ல இன்னும் இருக்கு. அமெரிக்காவுல ஃப்ளின்ட் ஊர்ல 2014ல நடந்தது அதுதான், பைப் அதே பழைய பைப், தண்ணி எடுக்கற இடத்த மட்டும் ஆத்துக்கு மாத்தினாங்க, அரிப்பத் தடுக்கற மருந்து சேக்கல, ஈயம் கரைஞ்சு குழாய்ல வந்துடுச்சு.

அந்த வீடுகள்ல ஹீட்டர் இருந்தா இன்னொரு விஷயம். ஒரு வருஷம் தேங்கின வெதுவெதுப்பான தண்ணில லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரும், 20லேர்ந்து 45 டிகிரி வரை அதுக்குக் கொண்டாட்டம். 1976ல ஃபிலடெல்ஃபியால ஒரு மாநாட்டுக்கு வந்தவங்க கூட்டமா நிமோனியால விழுந்தப்போதான் இதுக்குப் பேரே வந்துச்சு. குடிச்சா இல்ல, ஷவர்ல வர்ற நீர்த்துளிய சுவாசிச்சா வர்றது. ஆள் குடிவைக்கறதுக்கு முன்னாடி எல்லா லைனையும் நல்லா ஓட விடுங்க, ஷவர் தலைய கழட்டிட்டு ஓட விடுங்க, தொட்டி ஹீட்டர்னா 60 டிகிரில வைங்க, ஆனா குழந்தைங்க இருக்கற வீட்ல அந்த சூடு நேரா குழாய்ல வந்தா வெந்துடும், கலக்கற வால்வு வேணும்.

பிரஷர் பத்தி ரெண்டு வரி. தண்ணி அழுத்தத்த பார்ங்கற அலகுல அளப்பாங்க, பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். உங்க மேல் தளத்து ஷவருக்கும் தொட்டிக்கும் ரெண்டரை மீட்டர் இருந்தா அதிகம், அதாவது கால் பார், தண்ணி தலைல விழும், ஷவர்னு சொல்ல முடியாது. அந்த ரெண்டு வீட்டுக்கும் ஒரு பூஸ்டர் பம்பு வேணும்னு இப்பவே செலவுல எழுதிடுங்க, இல்லன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வீடுகள்தான் காலியாகும். பூட்டிக் கிடக்கற மூணுல எத்தனை மேல் தளம்னு நீங்க எழுதல, ரெண்டு மேல் தளம்னா காரணம் இதுவாத்தான் இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

டிரைனேஜ் "கனெக்‌ஷன் இருக்கு"ன்னு சொன்னா நம்பிடாதீங்க, போறத கண்ணால பாக்கணும். மேல் தளத்து டாய்லெட்ல கலர் கரைச்சு ஃப்ளஷ் பண்ணிட்டு கீழ ஒவ்வொரு சேம்பர் மூடியா தொறந்து கலர் வருதான்னு பாருங்க, கடைசி சேம்பர்லேர்ந்து எங்க போகுதுன்னு கேளுங்க. மேல ஃப்ளஷ் பண்றப்போ கீழ்த்தளத்து டாய்லெட் கொப்புளிச்சா லைன் அடைஞ்சிருக்கு, இல்ல காத்துக் குழாய் அடைஞ்சிருக்கு. பக்கத்துல பெரிய மரம் இருந்தா கேமரா விட்டுப் பாக்கறது நல்லது, வேருக்கு சாக்கடைத் தண்ணின்னா உயிர். செப்டிக் டேங்கா இருந்தா கடைசியா எப்போ அள்ளினாங்கன்னு ரசீது கேளுங்க, பொதுவா மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளணும், அதுவும் அஞ்சு வீட்டுக்கு இருந்த இடைவெளி எட்டு வீட்டுக்கு இருக்காது. அதுக்கும் போருக்கும் எவ்வளவு தூரம்னு டேப் வச்சு அளங்க, முப்பது மீட்டர் இருந்தா நிம்மதி, பதினஞ்சுக்குள்ள இருந்தா மேல சொன்ன நைட்ரேட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கை எழுத்து போடாதீங்க. சுவர்ல கீழ ரெண்டு அடி மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க, வெள்ளம் வந்த கோடு, இல்ல உப்பு பூத்த ஈரம், அதத்தான் மறைப்பாங்க.

காகிதத்துல பாக்க வேண்டியது கொஞ்சம்தான் ஆனா கனமானது. பல ஊர்ல தண்ணி வரி பாக்கி ஆளச் சேராது, இடத்தச் சேரும், பழைய ஓனர் கட்டாம விட்டது உங்க தலைக்கு வரும், அதனால பாக்கி இல்லன்னு துறைலேர்ந்து எழுத்துல வாங்குங்க, பத்திரம் பதியற அன்னைக்கு தண்ணி மீட்டர், பொது கரண்ட் மீட்டர் ரெண்டோட ரீடிங்கையும் தேதியோட போட்டோ எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. கனெக்‌ஷன் எத்தனை வீட்டுக்கு அனுமதின்னு பாருங்க, நாலு வீட்டுக்கு வாங்கி எட்டு வீட்டுக்கு ஓடிட்டு இருந்தா மேல ரெண்டு தளமே அனுமதி இல்லாம எழும்பினதா இருக்கலாம், தண்ணி பேப்பர் அதக் காட்டிக் குடுத்துடும். பைப் அடுத்தவர் மனை வழியா வருதுன்னா அந்த உரிமை பதிவுல இருக்கணும், வாய்ப்பேச்சு அவர் இடத்த வித்த அன்னையோட போச்சு.

இன்னைக்கு தண்ணி வர்றதும் அது உங்க உரிமைங்கறதும் ஒண்ணு இல்ல. அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்னு ஒரு பகுதி, நல்ல விலை போன வீடுகள். பெரிய மனைப்பிரிவு போட்டா நூறு வருஷத்துக்கு தண்ணி இருக்குன்னு நிரூபிக்கணும்னு அது மாதிரி பகுதிகளுக்கு அந்த மாநிலத்துல 1980லேர்ந்து சட்டம் இருக்கு, ஆனா ஆறு மனைக்குக் குறைவா பிரிச்சா அந்த விதி கிடையாது, அதனால அஞ்சஞ்சா பிரிச்சு வித்தாங்க. நூத்துக்கணக்கான வீடு பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரத்துலேர்ந்து லாரில வந்த தண்ணில ஓடிட்டு இருந்துச்சு. 2023 ஜனவரி 1லேர்ந்து எங்க ஊருக்கே பத்தலன்னு நகரம் நிறுத்திடுச்சு. அப்புறம் சட்டம் போட்டு ஏதோ ஏற்பாடு பண்ணாங்க, ஆனா அந்த நடு மாசங்கள்ல அங்க ஒரு வீட்ட விக்கப் போனவர் நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

வீட்டுக்கு ஒரு தண்ணி மீட்டர் வச்சுட்டா எல்லாம் தீந்துடும்னு சிலர் சொல்வாங்க, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. நல்ல யோசனைதான், ஆனா மொட்டை மாடிக்குப் போய் தொட்டிலேர்ந்து எத்தனை பைப் கீழ இறங்குதுன்னு எண்ணுங்க. முப்பது வருஷக் கட்டடத்துல பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு பைப் இருக்காது, எல்லா சமையல்கட்டுக்கும் சேத்து ஒண்ணு, எல்லா பாத்ரூமுக்கும் சேத்து ஒண்ணுன்னு நேரா இறங்கும், அப்போ ஒரு வீட்டுக்கே ரெண்டு மூணு மீட்டர் வேணும், இல்ல பைப்பையே புதுசா இழுக்கணும். அந்த செலவ விசாரிச்சு, பழைய பில்லோட வச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க. மீட்டர் வைக்கலன்னா வாடகை ஒப்பந்தத்துல தண்ணிக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு தெளிவா எழுதணும், ஆள் கணக்கா வீட்டுக் கணக்கான்னு. பாக்கி வச்சா தண்ணிய அடைச்சுடுவேன்னு மட்டும் எழுதிடாதீங்க, பெரும்பாலான இடங்கள்ல அது சட்டப்படி குத்தம். இன்சூரன்ஸ் எடுக்கறப்போ ஒண்ணு கேட்டுக்குங்க, திடீர்னு பைப் வெடிச்சா குடுப்பாங்க, மாசக்கணக்கா கசிஞ்சு சுவர் கெட்டுப்போனா பொதுவா குடுக்க மாட்டாங்க.

உங்களுக்கு என் யோசனை இதுதான். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த பேப்பர நீங்களே புதுசா எழுதுங்க, வருமானம் அஞ்சு வீடு செலவு அஞ்சு வீடுன்னு ஒரு தடவை, எட்டுக்கு எட்டுன்னு ஒரு தடவை. முதல் கணக்குலயே கடன் தவணை போக கையில ஏதாவது நின்னா தைரியமா பேசலாம், எட்டும் நிரம்பினாதான் நிக்கும்னா விலை இன்னும் இறங்கணும். விக்கிறவர்கிட்ட "ஒரு காலை மட்டும் தொட்டி வால்வ மூடி மீட்டரப் பாத்துக்கறேன்"னு கேளுங்க. சரின்னா நல்லது, கோளாறு ஏதாவது வந்தாலும் அத சரி பண்ற வரைக்கும் ஒரு தொகைய நடுவுல ஒருத்தர்கிட்ட நிறுத்தி வச்சு முடிச்சுக்கலாம், நல்ல கட்டடத்துலயும் லீக் இருக்கும், அதுக்காக விட்டுட வேண்டாம். அதுக்கே இழுத்தடிச்சார்னா வேற இடம் பாருங்க. மச்சானையும் கூட்டிட்டுப் போங்க, தொட்டில சாக்பீஸ் கோடு போட ஒரு ஆள் வேணும். ரீடிங் போட்டோ ரெண்டையும், பழைய பில்லுல இருக்கற யூனிட்டையும் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.